‘வந்தேறி’ என்ற சொல்லும் வர்க்க ஒற்றுமையும்

(மும்பைத் தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



“புலம்பெயர்வும் மனநிலையும்” என்பது இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு. மனநிலை என்பது தனிமனிதரின் சொந்த விவகாரம், அதற்கும் இயக்க வேலைக்கும் தொடர்பில்லை என்று கருதுகிற பழக்கம் நம்மிடையே உண்டு. அது சரியல்ல. சமூக வாழ்நிலையிலிருந்துதான் உணர்வைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது மார்க்சியத்தின் பாலபாடம். அச்சம், அவமானம், வெறுப்பு ஆகியவற்றையும் அவ்வாறே புரிந்துகொள்ள வேண்டும்.

நேற்று மாலை தோழர்களுடன் தாராவியில் வீடு வீடாகச் சென்றேன். நெடுங்கால ஆதரவாளரான ஒரு பெரியவர், தன் தந்தையை “உன் ஊருக்கே போ” என்று இந்த நகரத்தில் விரட்டிய கதையைக் கண்கலங்கச் சொன்னார். விடைபெறும் வேளையில், மாடியில் குடியிருக்கும் பீகார் இளைஞர்களைச் சுட்டிக்காட்டி, “இவர்கள் வந்து குவிந்ததால்தான் நமக்கு இந்தக் கதி” என்றார். இரண்டையும் சொன்னது ஒரே மனிதர்தான். இது எப்படி நேர்கிறது என்பதே இன்றைய கேள்வி.

மாட்டுங்காவும் தாராவியும்

1896இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. அதன் பின்னர் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர், மாட்டுங்கா பகுதிகளைத் திட்டமிட்டு உருவாக்கியது. ஆங்கிலம் கற்று எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த தமிழர் பலர் மாட்டுங்காவில் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. கோயிலும் சங்கீத சபையும் உடன் வளர்ந்தன.

அங்கிருந்து நடந்து செல்லும் தூரத்தில் உள்ளது தாராவி. கோலி மீனவர்களின் கிராமத்தையொட்டிய சதுப்பு நிலம் அது. நகரம் தன் அருகில் வைத்துக்கொள்ள விரும்பாத தோல் பதனிடும் தொழில் அங்கே குவிந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இஸ்லாமியரும் தலித் மக்களும் அந்த வேலைக்கு வந்தனர். சதுப்பைத் தூர்த்து வாழிடம் ஆக்கியது அவர்களுடைய உழைப்பு. செம்பூர் பிறகு வளர்ந்தது. தேசப் பிரிவினையால் துரத்தப்பட்ட சிந்தி அகதிகளும், டிராம்பே ஆலைகளை நம்பி வந்தோரும் அங்கே தமிழரோடு அண்டை வீட்டாராயினர்.

புதிய இடத்துக்கு வருவோர் முன் நான்கு பாதைகள் உள்ளன என்று கனடா நாட்டு உளவியலாளர் ஜான் பெர்ரி வகுத்தார். தன் பண்பாட்டைக் காத்துக்கொண்டே புதிய சமூகத்தில் இணைவது, தன்னுடையதைத் துறந்து கரைவது, ஒதுங்கி வாழ்வது, இரண்டிலும் இடமின்றி விளிம்பில் நிற்பது ஆகியவை அவை. முதல் பாதையில் செல்வோருக்கே பொதுவாக மன அழுத்தம் குறைவு என்பது ஆய்வுகளின் முடிவு. ஆனால், வந்தவர் விரும்பினால் மட்டும் அந்தப் பாதை திறந்துவிடாது; ஏற்கும் சமூகமும் இடம்தர வேண்டும் என்பதைப் பெர்ரியே வலியுறுத்துகிறார்.

நாம் இதனுடன் வர்க்கத்தையும் சாதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாட்டுங்கா எழுத்தரால் தமிழையும் காத்துக்கொள்ள முடிந்தது. அலுவலகத்திலும் இடம்பெற முடிந்தது. தாராவியின் தோல் தொழிலாளிக்கோ ஊரில் சாதி, இங்கே மொழி, இரண்டு இடத்திலும் வறுமை. ‘தமிழர்’ என்ற ஒரே சொல் இவ்விருவரின் வாழ்நிலையையும் ஒன்றாக்கிவிடாது.

பரிசு ஒன்றே என்று வைத்தவர் யார்?

1960இல் மகாராஷ்டிர மாநிலம் அமைந்தது. மொழிவழி மாநிலத்துக்கான அந்தப் போராட்டத்தில் கம்யூனிஸ்ட்டுகளும் முன்னணியில் நின்றனர். ஆனால், படித்த மராத்தி இளைஞர்களின் வேலையின்மை நீடித்தது. அந்தக் கோபம் முதலாளிகளை நோக்கித் திரும்பவில்லை. தென்னிந்தியரை நோக்கித் திருப்பிவிடப்பட்டது. ‘மார்மிக்’ வார இதழ், நிறுவனங்களில் பணியாற்றும் தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பட்டியலிட்டது. 1966 ஜூன் 19 அன்று சிவசேனை தோன்றியது. பட்டியலில் இருந்தவர்கள் அதிகாரிகள். தெருவில் அடிபட்டவர்கள் சிறு கடைக்காரர்களும் கூலித் தொழிலாளர்களும். வெறுப்பு எங்கே கொண்டுபோய்விடும் என்பதை 1970 ஜூன் 5 காட்டியது. பரேல் தொகுதியின் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் தோழர் கிருஷ்ணா தேசாய் அன்று படுகொலை செய்யப்பட்டார். அவர் ஒரு மராத்தியர். மண்ணின் மைந்தர் முழக்கத்தின் கத்தி இறுதியில் யாரைக் குறிவைத்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் உளவியலாளர் முசாபர் ஷெரிப் ஒரு சோதனை நடத்தினார். முகாமுக்கு வந்த 22 சிறுவர்களை இரு குழுக்களாகப் பிரித்துப் போட்டிகள் வைத்தார். பரிசு ஒரு குழுவுக்கே என்றதும் வசையும் கைகலப்பும் தொடங்கின. வெறுமனே ஒன்றாக உண்ணவைத்தது பகையைத் தணிக்கவில்லை. முகாமின் தண்ணீர் வரத்துத் தடைப்பட்டு, இரு குழுவும் சேர்ந்து உழைத்தால்தான் தீர்வு என்ற நிலை அடுத்தடுத்து உருவாக்கப்பட்டபோதுதான் பகை தளர்ந்தது.

பரிசு ஒன்றே என்று தீர்மானித்தவர் முகாமை நடத்தியவர். சிறுவர்கள் அவருடன் மோதவில்லை, ஒருவரோடொருவர் மோதினார்கள். வேலையும் வீடும் தண்ணீரும் பற்றாக்குறையாகவே வைக்கப்பட்டுள்ள இந்த நகரமும் அத்தகைய முகாம்தான்.

ஒரு தேதி பிரிக்கும் அண்டை வீடுகள்

1981இல் பம்பாய் நடைபாதைவாசிகள் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். அதை எதிர்த்த ஓல்கா டெல்லிஸ் வழக்கின் மனுதாரர்களில் ஒருவர், வறட்சியால் வேலையிழந்து சேலத்திலிருந்து வந்த நிலமற்ற விவசாயத் தொழிலாளி. வாழ்வாதார உரிமை, உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று 1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் முறைப்படி அகற்றலாம் என்றும் கூறிற்று. 1976 கணக்கெடுப்பில் அட்டை பெற்றவர்களுக்கே மாற்றிடம் உறுதி செய்யப்பட்டது.

இன்று தாராவியில் நடப்பதும் இதுவே. மறுசீரமைப்புத் திட்டத்தை 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலக் கேட்பில் அதானி குழுமம் பெற்றது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று வைத்திருப்போருக்கு மட்டுமே தாராவிக்குள் இலவச வீடு. பின்னர் வந்தோருக்கும் மாடியில் வசிப்போருக்கும் தாராவிக்கு வெளியே, விலைக்கோ தவணை முறையிலோ வீடு என்கிறார்கள். தேவ்னார் குப்பைக் கிடங்கு நிலமும் இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது.

ஆகவே, புதியவர் என்பவர் பிறப்பதில்லை. ஓர் அரசாணையின் தேதியால் உருவாக்கப்படுகிறார். அந்தத் தேதிதான் தரைத்தளத்துப் பெரியவரையும் மாடியில் இருக்கும் இளைஞரையும் எதிரெதிரே நிறுத்துகிறது. நிலம் யார் கைக்குப் போகிறது என்ற கேள்வி அந்தச் சண்டையின் கூச்சலில் அமுங்கிவிடுகிறது.

நம் வீட்டுக் கண்ணாடி

இங்கே விரட்டப்பட்ட வரலாற்றைப் பேசும் நாம், திருப்பூரிலும் சென்னையிலும் ஒடியா, பீகார் தொழிலாளர்களை எப்படி நடத்துகிறோம்? ‘வடக்கன்’ என்ற சொல் நம்மவர் நாவில் எவ்வளவு எளிதாக வருகிறது? 2023 மார்ச்சில் தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரப்பப்பட்டபோது பலர் அஞ்சி ஊர் திரும்பினர். காணொளி பொய், ஆனால், தாங்கள் இங்கே அந்நியர் என்ற அவர்களுடைய உணர்வு பொய்யல்ல. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் இடப்பெயர்வுப் படி தர வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதைக் கைவிட்டுவிட்டது. நம்மில் எத்தனை பேர் இதை அவர்களுடைய மொழியில் அவர்களிடம் சொன்னோம்?

நமது கடமை

வெவ்வேறு பிரிவினரின் பழக்கம் பகையைக் குறைக்க வேண்டுமானால் சமநிலையும் பொது இலக்கும் ஒத்துழைப்பும் அமைப்பின் ஆதரவும் வேண்டும் என்று 1954இலேயே கோர்டன் ஆல்போர்ட் எழுதினார். ஊர்வலத்தில் கொடிபிடிக்க மட்டும் புதியவரை அழைக்கும் சங்கத்தில் சமநிலை இல்லை. கிளைப் பொறுப்புகளில் அவர்களுக்கு இடம் வேண்டும். துண்டறிக்கைகள் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் வர வேண்டும். தாராவியின் கோரிக்கை மனுவில் தரைத்தளம், மாடி, வாடகைதாரர் என்ற பிரிவினை இருக்கக் கூடாது. குடியிருக்கும் அனைவருக்கும் தாராவியிலேயே வீடு, தொழில் செய்வோருக்குத் தொழிலிடம் என்பதே நம் முழக்கமாக வேண்டும்.

அந்தப் பெரியவரிடம் மீண்டும் செல்லுங்கள் தோழர்களே. அவருடன் வாதிட்டு வெல்வதற்காக அல்ல. மாடி இளைஞர்களையும் அழைத்து, ஒரே திண்ணையில் அமர்ந்து, ஒரே மனுவில் கையெழுத்து வாங்குவதற்காக. அவருடைய தந்தைக்கு அன்று கிடைக்காத அண்டை வீட்டாராக அவர் இன்று இருக்க முடியும். அதற்குத் துணைநிற்பதே நம் வேலை.