18 வருஷம் மூடிக் கிடந்த வள்ளுவர்

வழக்கம்போல ஃபேர்லேண்ட்ஸ்ல என் ரூம்ல இருந்துதான் பேசுறேன். நடுவுல குக்கர் விசில் கேட்டா கண்டுக்காதீங்க.

இன்னைக்கு பெங்களூரு அல்சூர் ஏரிகிட்ட இருக்கிற திருவள்ளுவர் சிலையைப் பத்தி. அங்க ஐ.டி. வேலைக்குப் போன சேலத்துக்காரங்க நிறைய பேர் அதைத் தாண்டிப் போயிருப்பீங்க. அது 18 வருஷம் மூடியே கிடந்துச்சு, தெரியுமா?

பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1991ல சிலையை வெச்சது. கன்னட அமைப்புகள் எதிர்த்ததால திறக்க முடியல. அந்த ஜூன்லதான் காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு வருஷம் 205 டி.எம்.சி. தண்ணி விடணும்னு இடைக்கால உத்தரவு போட்டுச்சு. டிசம்பர்ல பெங்களூருல தமிழர்கள் மேல கலவரம். சண்டை நம்ம மேட்டூருக்கு வர்ற தண்ணிக்கு. அடி வாங்கினது அங்க கூலி வேலை பார்த்த சனங்க.

2009ல எடியூரப்பாவும் கலைஞரும் ஒரு முடிவுக்கு வந்தாங்க. அங்க வள்ளுவர், இங்க கன்னடக் கவிஞர் சர்வக்ஞர். ஆகஸ்ட் 9 அல்சூர்ல திறப்பு, ஆகஸ்ட் 13 சென்னை அயனாவரத்துல திறப்பு. நடுவுல நாலே நாள். டி.சி.பி. ஹேண்ட்ஷேக் மாதிரி: ஒருத்தர் கூப்பிட்டு, இன்னொருத்தர் பதில் சொன்னாதான் கனெக்‌ஷன். ரெண்டு பேருக்கும் ஓட்டுக் கணக்கு இருந்திருக்கும். இருக்கட்டுமே.

சரி, சிலையால அமைதி வந்துச்சா? 2016 செப்டம்பர் 12, சேலத்துக் கம்பெனி கே.பி.என். பஸ்கள் பெங்களூரு டிப்போவுல வரிசையா எரிஞ்சது. நான் அப்ப காலேஜ். அங்க வேலை பார்த்த பெரியப்பா பையன் அத்திப்பள்ளியில இறங்கி, பையைத் தூக்கிட்டு ஜூஜூவாடிக்கு நடந்தே வந்து பஸ் ஏறினாரு. அவர் வீடு வந்து சேர்ற வரைக்கும் பெரியம்மா சாப்பிடல. அன்னைக்கு வள்ளுவரும் தடுக்கல, சர்வக்ஞரும் தடுக்கல.

ஆனா 1991 மாதிரி யாரும் வள்ளுவரைத் திரும்பப் போர்த்தி மூடல. எனக்கு அது சின்ன விஷயமாத் தெரியல.

என் வருத்தம் வேற. போன மாசம் அயனாவரம் போயிருந்தேன். பூங்காவுல நாலு பேர்கிட்ட கேட்டேன், ஒருத்தருக்குத்தான் சர்வக்ஞர் யாருன்னு தெரிஞ்சுது. வள்ளுவருக்கு ரெண்டடின்னா அவருக்கு மூணடி, திரிபதின்னு பேரு. என் டீம்ல இருக்கிற மைசூர்க்காரர்கிட்ட சொன்னதும், போன்லயே நாலு திரிபதி சொல்லி அர்த்தமும் சொன்னாரு. பதிலுக்கு ஒரு குறள் கேட்டாரு. எனக்குப் பாதிதான் ஞாபகம் வந்துச்சு.