பந்து வேண்டாத விளையாட்டுக்கள்



நாகபுரியில் நம் காலனிப் பிள்ளைகள் பயிலும் துவக்கப் பள்ளி ஒன்றின் தேகப்பயிற்சி வகுப்பைச் சென்ற மாதம் வேலியருகே நின்று கண்டோம். பிள்ளைகள் நாற்பதின்மர், பந்து ஒன்று. ஆறேழு பேர் ஆட, ஏனையோர் சுவரோரம் நின்றனர். மராட்டி இன்னும் நாவில் படியாத நம் வீட்டுப் பிள்ளைகளே அச்சுவரை அதிகம் அறிந்தவர்கள். பரீட்சை நெருங்கினால் அந்த நேரமும் கணக்குக்குப் போய்விடும். (அதற்கு மகிழ்ந்தவர் நம்மிலும் உண்டு!)

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மைதானமும் வகுப்புதோறும் விளையாட்டுப் பொருள்களும் வேண்டும் என்கிறது. அவை வரும்வரை காத்திராமல் ஆடத்தக்கவை பல உள. நாம் நொண்டி என்பது இவ்வூரில் லங்கடி. நம் சடுகுடு இங்கே ஹுதுது. பெயரைச் சொன்னாலே போதும், இருமொழிப் பிள்ளைகளும் ஆடத் தொடங்கிவிடுவர்.

மகாராஷ்டிரம் வளர்த்த கோகோவைப் பாருங்கள். எண்மர் ஒரே வரிசையில், ஒருவர் இப்புறமும் அடுத்தவர் அப்புறமும் நோக்கிக் குந்தியிருக்க, ஒன்பதாமவர் துரத்துகிறார். அவர் நடுக்கோட்டைத் தாண்டலாகாது; எடுத்த திசையை மாற்றலாகாது. ஓடுபவர் மறுபுறம் நழுவினால், அப்புறம் நோக்கி அமர்ந்தவரின் முதுகைத் தொட்டு, ‘கோ’ என்று கூறி, அவரை எழுப்பிவிட்டுத் தாம் அமர வேண்டும். கால் வேகம் உள்ளவனும் பிறனுக்கு இடம் விட்டே ஆக வேண்டிய ஆட்டம் இது. 2025 சனவரியில் தில்லியில் நடந்த இதன் முதல் உலகக் கோப்பையை நம் நாட்டு ஆடவரும் மகளிரும் வென்றனர்.

ஆயினும் பழையது என்பதற்காக எதையும் அப்படியே புகுத்துதல் தகாது. பிடிபட்டவர் வெளியேற வேண்டும் என்ற விதியால் மெலிந்த பிள்ளையே முதலில் உட்கார்ந்துவிடும். பயிற்சி மிகுதியும் வேண்டுவதோ அதற்குத்தான்! ஆகவே நொண்டியில் பிடிபட்டவரும் ஒற்றைக்காலில் சேர்ந்து மற்றவரைப் பிடிக்கட்டும். கால் மாற்றிக்கொள்ளவும் இடம் தரலாம். கல்தரையில் சடுகுடு கூடவே கூடாது. மணல் கொட்டிய பின்னர் ஆகட்டும்.

ஆசிரியரிடம் பேசினோம். சனிக்கிழமை ஒரு வகுப்பு தர இசைந்துள்ளார். ஆடிக் காட்டப் பெரியவர்கள் வர வேண்டும் என்கிறார். சில்லு எறிந்து பாண்டி ஆடிய தாய்மார்கள் இவ்வவையில் இருபதின்மராவது இருப்பீர்கள். கோடு கிழிக்கச் சுண்ணாம்புப் பொடி நாம் கொண்டு வருகிறோம். வர விரும்புவோர் விருந்துக்கு எழுமுன் செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு வேண்டுகிறோம்.