குதிரைகளைக் கூட்டலாம், கிராங்க் தாங்குமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னை அழைத்தபோது, "எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க, பசங்க தூங்காம இருந்தா சரி" என்றார். அதனால் மோட்டார் சைக்கிளைத் தேர்ந்தெடுத்தேன். நான் எஞ்சின் சோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். ஊருக்குப் போனால் சொந்தக்காரப் பையன்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, வண்டி பவரைக் கூட்டணும், என்ன பண்ணலாம்?"

பவரைக் கூட்டுவது பெரிய வித்தை இல்லை. கூட்டிய பிறகும் அந்த வண்டியை நம்பி ராத்திரியில் வெளியூர் கிளம்ப முடியுமா என்பதுதான் விஷயம்.

உதாரணத்துக்கு நம் சென்னைப் பக்கம் தயாரான க்ரூஸர் வண்டியையே எடுத்துக்கொள்வோம். ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350. 2020-இல் நிறுத்திவிட்டார்கள் என்றாலும் சாலையில் இன்னும் நிறைய ஓடுகிறது. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., 346 சி.சி., 5250 சுழற்சியில் 19.8 குதிரைத்திறன். 2012-இல் தண்டர்பேர்டு 500 வந்தது. ஸ்ட்ரோக் அதே 90, போர் மட்டும் 84. 499 சி.சி., 27.2 குதிரைத்திறன், சுழற்சி அதே 5250. அடுத்து 2013-இல் கான்டினென்டல் ஜி.டி. அதிலும் ஸ்ட்ரோக் 90, போர் 87. 535 சி.சி., 29.1 குதிரைத்திறன், சுழற்சி 5100.

கவனித்தீர்களா? சுமார் 20 குதிரையை 29 ஆக்கிய கம்பெனிக்காரர்கள் சுழற்சியை ஏற்றவே இல்லை. கடைசியில் கொஞ்சம் இறக்கியே இருக்கிறார்கள். ஏன்?

பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும்போது கனெக்டிங் ராடை இழுக்கிற விசை, சுழற்சியின் வர்க்கத்தில் கூடும். 5250-ஐ 6000 ஆக்கினால் சுழற்சி 14 சதவீதம்தான் கூடுகிறது. விசையோ 30 சதவீதம் கூடுகிறது. நீள ஸ்ட்ரோக் எஞ்சினில் இது நேராக ராடிலும் பிக் எண்ட் பேரிங்கிலும் போய் இறங்கும். 2020-இல் வந்த மீட்டியோர் 350 உச்ச சக்தியை 6100 சுழற்சியில் தருகிறது. ஆனால் அதற்கு ஸ்ட்ரோக்கை 85.8 ஆகக் குறைத்து, புஷ் ராடை எடுத்துவிட்டு ஹெட்டிலேயே கேம் வைத்து, பேலன்சர் ஷாஃப்ட் சேர்த்து, எஞ்சினையே புதிதாகச் செய்தார்கள். நாமோ லிமிட்டரை மட்டும் தூக்கிவிட்டு அதே வேகத்தைக் கேட்கிறோம்!

"அப்போ 350-இல் 500 பிஸ்டனைப் போட்டுடலாமே?" என்று கேட்பீர்கள். கணக்குப் போடுங்கள். 70-க்கு 84 என்றால் பிஸ்டன் பரப்பு 44 சதவீதம் அதிகம். உள்ளே அழுத்தம் அதேதான் என்று வைத்தாலும் பேரிங்கின் மேல் இறங்கும் விசையும் 44 சதவீதம் கூடும். பிஸ்டன் எடையும் ஏறும். கிராங்கின் பேலன்ஸோ பழைய பிஸ்டனுக்குச் செய்தது. ஆகவே போரை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிராங்க், கிளட்ச், செயின் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

கம்ப்ரஷனைக் கூட்டலாமா? தெர்மல் வகுப்பில் படித்த ஆட்டோ சைக்கிள் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 8.5-ஐ 9.5 ஆக்கினால் திறன் சுமார் 57.5 சதவீதத்திலிருந்து 59.4 சதவீதத்துக்குப் போகும். அதாவது காகிதத்திலேயே கிடைப்பது 3 சதவீத லாபம். அதற்காகக் காற்றால் குளிரும் எஞ்சினில், வெயில் காலத்தில், சாதா பெட்ரோலில் நாக்கிங்கை விலைக்கு வாங்குகிறோம்.

அடுத்தது வெப்பம். ஹீட் பேலன்ஸ் டெஸ்ட் செய்திருப்பீர்கள். இந்த மாதிரி எஞ்சினில் பெட்ரோலின் வெப்பத்தில் அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறும். மிச்சம் சைலன்சர் வழியாகவும் ஃபின் வழியாகவும் போக வேண்டும். பவரைக் கூட்டினால் அந்த மிச்சமும் கூடும். ஃபின் மட்டும் அதே அளவுதான்.

என்னோடு வேலை செய்யும் ஒருவரின் தம்பி, கார்புரேட்டர் வண்டியில் சத்தத்துக்காக ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் திறந்த ஃபில்டரும் போட்டான். காற்று கூடியது, ஜெட்டை யாரும் மாற்றவில்லை. கலவை லீன் ஆகி எஞ்சின் கொதித்திருக்கிறது. உளுந்தூர்பேட்டை தாண்டி நல்ல வேகத்தில் பிஸ்டன் சீஸ் ஆகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. பையன் சட்டென்று கிளட்சைப் பிடித்ததால் சிராய்ப்போடு தப்பினான். அவன் அம்மா என்னிடம் கேட்டது: "தம்பி, அந்தச் சத்தத்துக்கா இவ்வளவும்?" பதில் சொல்ல முடியவில்லை.

சரி, என்னதான் செய்யலாம்? நான் சொல்லும் வரிசை இதுதான்.

முதலில் இருக்கிற பவரை மீட்டெடுங்கள். கம்ப்ரஷன் டெஸ்ட், ஏர் ஃபில்டர், பிளக், கிளட்ச் ஸ்லிப், செயின் இழுவை, பிரேக் உரசல். "பிக்கப் போச்சு" என்று வரும் பல வண்டிகளுக்கு இதுவே போதும். இரண்டாவது, பின் ஸ்ப்ராக்கெட். ஓரிரு பல் கூடினால் டாப் ஸ்பீடு கொஞ்சம் குறையும்; மலை ஏறும்போது இழுவை தெரியும்; எஞ்சினுக்குள் கை வைக்கவே வேண்டாம். மூன்றாவது, மூச்சு. காற்றோட்டத்தை மாற்றினால் அன்றைக்கே ஜெட்டையோ மேப்பையோ சரிசெய்து, பிளக் நிறத்தைப் பாருங்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றாதீர்கள். நான்காவதுதான் போர். அதுவும் நல்ல லேத் பட்டறையில், கிளியரன்ஸ் அளந்து, கிராங்கோடு சேர்த்து. சுழற்சி லிமிட்டரைத் தொடவே வேண்டாம். வேகம் கூடினால் அதற்கேற்ற பிரேக்கும் வேண்டும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சி.சி. அந்த விவரங்களில் ஒன்று. நாளைக்கு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அந்தக் காகிதத்தைத்தான்.

தம்பி தங்கைகளே, ஆசைப்படுவதில் தவறில்லை. அந்த ஆசையைக் கல்லூரி லேபுக்குக் கொண்டு வாருங்கள். பழைய எஞ்சின் ஒன்றை டைனமோமீட்டரில் ஏற்றி, ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி என்று டிசைன் வகுப்பில் படிக்கிறோமே, அது எங்கோ ஒரு பொறியாளர் நாம் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்று விட்டு வைத்த இடைவெளி. அதில் எவ்வளவு செலவழிக்கிறோம் என்று தெரிந்து செலவழியுங்கள். அப்படி ஒரு புராஜெக்ட் செய்ய வருகிறவர்களுக்கு என்னாலான உதவியைக் கட்டாயம் செய்வேன்.