‘பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?’
(மாதாந்தர நலவாழ்வு அமர்வில் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)



டயாலிசிஸ் உதவி கேட்டு வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசும்போது நாங்கள் வழக்கமாகக் கேட்பது சர்க்கரை, பிரஷர், வலி மாத்திரை ஆகிய மூன்றைப் பற்றித்தான். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும் நேரத்தில், “இடையிலே ஒரு மூலிகைப் பொடி கொஞ்ச நாள் கொடுத்தோம், பச்சிலைதானே” என்று வீட்டிலுள்ளவர்கள் சொல்வார்கள். டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டால், “அவர் கோபப்படுவாரே” என்பார்கள். அந்தப் பொடியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

முதலில் பெல்ஜியம் நாட்டில் நடந்ததைச் சொல்கிறோம். 1990களின் தொடக்கத்தில் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிவதற்காக ஒரே மருத்துவ நிலையத்துக்குப் போய்வந்த இளம் பெண்கள் சிலருக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் கெட்டது. அவர்களில் பலருக்கு அதற்கு முன் சிறுநீரகத்தில் எந்த நோயும் இருந்ததில்லை. விசாரித்தபோது, அவர்கள் சாப்பிட்ட மாத்திரையில் புதிதாகச் சீன மூலிகைகள் சேர்க்கப்பட்டிருந்தது தெரிந்தது. அவற்றில் ஒரு மூலிகையின் பெயரும் இன்னொரு செடியின் பெயரும் சீன மொழியில் ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிக்கும். அதனால் செடி மாறிப்போய்விட்டது. இந்த விவரம் 1993இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கு மேல் என்று பிறகு கணக்கானது.

துன்பம் அத்தோடு முடியவில்லை. முற்றிலும் செயலிழந்த சிறுநீரகங்களை முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொள்ள 39 பேர் சம்மதித்தார்கள். அகற்றிப் பரிசோதித்ததில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. இது 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு. மாத்திரையை நிறுத்திப் பல ஆண்டுகள் கடந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

தவறாகக் கலந்த செடி அரிஸ்டோலோக்கியா என்ற இனத்தைச் சேர்ந்தது. அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைக் கெடுத்து, உயிரணுவின் மரபுப் பொருளிலேயே ஒட்டிக்கொள்கிறது. டான்யூப் ஆற்றின் கிளைநதிகளை ஒட்டிய பால்கன் கிராமங்களில் விவசாயக் குடும்பங்களை வாட்டிய சிறுநீரக நோய்க்கும் இதுவே காரணம் என்று பின்னால் தெரிந்தது. அங்கே யாரும் மருந்தாகச் சாப்பிடவில்லை. கோதுமை வயலில் களையாக வளர்ந்த செடியின் விதை, அறுவடையில் தானியத்தோடு சேர்ந்து மாவாகி ரொட்டியில் போய்விட்டது.

ஐரோப்பாவின் கதை நமக்கெதற்கு என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊர்ப்பக்கம் குடற்புழுவுக்குக் கொடுக்கும் ஆடுதின்னாப்பாளையும், பாம்புக்கடிக்குச் சொல்லும் கருடக்கொடியும் இதே இனம்தான். கருடக்கொடிக்குப் பெருமருந்து என்று ஒரு பெயரும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்த இனச் செடிகள் சேர்ந்த மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஆகவே இவ்விரண்டையும் வீட்டு வைத்தியமாகக் குழந்தைகளுக்கோ பெரியவர்களுக்கோ கொடுக்காதீர்கள். பாம்பு கடித்தால் நேராக அரசு மருத்துவமனைதான். வழியில் இலை அரைக்க நிற்கும் நேரத்தில் விஷம் ஏறிவிடும்.

கேரளத்தில் இரும்பன்புளி என்று சொல்லும் பிலிம்பிக்காய் நமக்கும் தெரிந்ததுதான். மீன் குழம்பிலும் ஊறுகாயிலும் போடுவார்கள். கொழுப்பு குறையும் என்று கேட்டு அதைச் சாறாகப் பிழிந்து குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் திடீரென்று நின்றுபோனதை அங்குள்ள மருத்துவர்கள் 2013இல் எழுதினார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. அந்தக் காயில் ஆக்சலேட் மிக அதிகம். குழம்பில் நாலு காய் போடுவது வேறு, வெறும் வயிற்றில் டம்ளர் டம்ளராகக் குடிப்பது வேறு. அதன் உறவான நட்சத்திரப் பழமோ, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஒரு பழம்கூட ஆபத்து. விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்று போய் உயிருக்கே வந்துவிடும். டயாலிசிஸ் செய்பவர் இருக்கும் வீட்டுக்கு நோய் விசாரிக்கப் போகிறவர்கள் பழப்பையைக் கட்டும்போது இதை நினைவில் வையுங்கள்.

கொரோனா காலத்தில் எதிர்ப்பாற்றலுக்கென்று சீந்தில் கொடியை எத்தனையோ வீடுகளில் கொதிக்கவைத்தோம். அதைச் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் வெளியிட்டார்கள். செடி மாறியிருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அடுத்த ஆண்டில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் விவரத்தை வெளியிட்டன. குடித்த எல்லோருக்கும் இப்படி ஆகவில்லை என்பதும் உண்மை. ஆனால் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் எதிர்ப்பாற்றலைக் குறைக்கத்தான் மாத்திரை சாப்பிடுகிறார். அதைக் கூட்டுவதாகச் சொல்லும் கஷாயம் அவருக்கு எதற்கு?

நாங்கள் சித்த வைத்தியத்துக்கு எதிரிகளல்லர். முறையாகப் படித்த சித்த மருத்துவர் எந்தச் சரக்கை எப்படிச் சுத்தி செய்ய வேண்டும், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று அறிந்தவர். எங்கள் கவலையெல்லாம் பெயரில்லாத டப்பாவில் வரும் பொடியைப் பற்றியது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் சொல் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த வைத்தியத்தை அடுத்தவருக்கு அனுப்பும் நாமும் அதை யோசிக்க வேண்டும்.

கருஞ்சீரகம் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். அதில் ஷிஃபா இருக்கிறது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் இறக்கக்கூடியது. மாத்திரையோடு சேர்ந்தால் அளவுக்கு மேல் இறங்கலாம். எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்பது உங்கள் டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருத்துவரிடமும் மறக்காமல் சொல்லுங்கள்.

குழந்தை விதையையோ காயையோ தின்றுவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலில் ஏறினால் சிகிச்சை இன்னும் கடினமாகும். தின்றதில் மீதியை ஒரு பையில் போட்டுக் குழந்தையோடு எடுத்துச் செல்லுங்கள். பெரியவர்களுக்கும் அப்படியே, பொடி டப்பாவைக் கையோடு கொண்டுபோனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

இந்த மாதம் முதல் எங்கள் டயாலிசிஸ் உதவிப் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: நாட்டு மருந்து, பொடி, லேகியம், கஷாயம் ஏதாவது சாப்பிட்டீர்களா, எத்தனை நாள்? எழுதினால் உதவி நின்றுவிடும் என்று சிலர் பயப்படுவதாகக் கேள்விப்பட்டோம். நிற்காது. அந்தப் பகுதியைத் தனியாகக் கிழித்து உங்கள் டாக்டரிடமே கொடுக்கும்படிதான் அச்சிட்டிருக்கிறோம். படிவம் ஜுமுஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் அலுவலகத்தில் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.