பழங்கடதாசிகளும் பல்கலைக்கழகமும்

வவுனியாவிலுள்ள பல்கலைக்கழகம் வயதால் மிக இளையது. 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதலாந் திகதியன்றே அது தனிப் பல்கலைக்கழகம் என்னும் நிலையை எய்திற்று. ஆயினும் அதன் கடதாசிகள் அதனினும் மூத்தவை. 1991ஆம் ஆண்டில் வடமாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி என்னும் பெயருடன் தோன்றிய நிறுவனம், 1997ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாயிற்று. அவ்வளாகமே பின்னர் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. முப்பது ஆண்டுக் காலத்தில் ஒரே நிறுவனத்துக்கு மூன்று பெயர்கள் வாய்த்தன. கடிதத் தலைப்புகளும் முத்திரைகளும் அவ்வாறே மாறின. இம்மூன்று காலத்துக் கடதாசிகளையும் காப்பவர் யார்? எவ்வாறு காப்பது? இவற்றைக் காத்தலால் வன்னி மக்களுக்கு விளையும் பயன் யாது? நேயர்கள் சிறிது நேரம் இவ்வினாக்களிலே கருத்தைச் செலுத்துவார்களாக.

சுவடிக்காப்பாளர் என்றதும் நூலகரே பலருடைய நினைவுக்கு வருவார். இருவரும் அலுமாரிகளுக்கிடையே வாழ்பவர்களாதலின் இம்மயக்கம் இயல்பே. ஆனால் நூலகரின் பொருள் வேறு, சுவடிக்காப்பாளரின் பொருள் வேறு. அச்சிட்ட நூலுக்கு உடன்பிறப்புகள் உண்டு. ஓரூரில் அழிந்தால் இன்னோரூரில் ஒரு பிரதி கிடைத்தல் கூடும். சுவடியோ ஒற்றைப் பிள்ளை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பர். பின்னர் அந்நூலகம் மீண்டும் எழுந்தது. அச்சு நூல்கள் பலவும் தேடி வாங்கப்பட்டன. அங்கிருந்த ஓலைச்சுவடிகளையும் கையெழுத்துப் படிகளையும் எக்கடையிலே வாங்குவது? பல்கலைக்கழகம் ஒன்றின் அனுமதிப் பதிவேடும், புள்ளிப் பட்டியலும், பேரவைக் கூட்டக் குறிப்பும் இவ்வினத்தையே சேர்ந்தவை.

சட்டம் இதனை மறந்துவிடவில்லை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம், பல்கலைக்கழகத்தின் பதிவுகளையும் உடைமைகளையும் காக்கும் பொறுப்பைப் பதிவாளரிடம் ஒப்படைத்திருக்கின்றது. ஆனால் அப்பதிவாளரே பேரவைக்கும் மூதவைக்கும் செயலாளர். ஆளணி முதலிய நூறு கருமங்களுக்கு ஈடுகொடுப்பவர். அவர் வந்து பழங்கோவையின் தூசியைத் தட்டுவார் என எதிர்பார்த்தல் நியாயமன்று. ஆதலின் அப்பொறுப்பை நாளாந்தம் நிறைவேற்றும் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இத்தேவையை மேலும் வலியுறுத்துகின்றது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபின் எழுந்த பதிவுகளைக் குறைந்தது 12 ஆண்டுகளும், அதற்கு முன்னிருந்தவற்றைக் குறைந்தது 10 ஆண்டுகளும் பேணவேண்டுமென்பது அதன் கட்டளை. வெறுமனே வைத்திருத்தலும் போதாது. தேடுவோர் காணத்தக்கவாறு அட்டவணைப்படுத்தியும் வைத்தல் வேண்டும். பூட்டிய அறையிற் குவித்து வைத்துவிட்டு, 'எல்லாம் இருக்கின்றன' என்று கூறுதல் அச்சட்டத்தின்முன் செல்லாது.

இனி, அவ்வறையைத் திறந்து உள்ளே செல்வோம். புதிதாக வந்த ஒருவருக்கு எழும் முதல் ஆசை, எல்லாவற்றையும் கலைத்துப் பொருள்வாரியாக அடுக்கிவிடவேண்டும் என்பதே. பரீட்சை பற்றியன ஒருபுறம், காணி பற்றியன ஒருபுறம், விடுதி பற்றியன ஒருபுறம் என வைத்தால் பார்வைக்கு எவ்வளவு ஒழுங்கு! சுவடிக்காப்பு நெறி அறிந்தவர் இதனைச் செய்யார். 1898ஆம் ஆண்டில் முல்லர், பெய்த், புருயின் என்னும் ஒல்லாந்தர் மூவர் இத்துறைக்கென ஒரு கைந்நூல் எழுதினர். எந்த அலுவலகத்திற் கடதாசி பிறந்ததோ அந்த அலுவலகத்தின் பெயராலேயே அது நிற்றல் வேண்டும். அது பிறந்த வரிசையும் கலையாதிருத்தல் வேண்டும் என்பதே அவர்கள் வகுத்த நெறியின் சாரம். உலகெங்கும் இன்றும் இதுவே அடிப்படை.

வவுனியாவை வைத்து நோக்கினால் இந்நெறியின் அருமை புலப்படும். வளாகக் காலத்தில் அங்குக் கற்ற ஒரு மாணவருக்குப் பட்டம் வழங்கியது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். பாடம் நடந்ததும் விரிவுரையாளர் புள்ளியிட்டதும் வவுனியாவில். பெறுபேற்றுக்கு இறுதி ஒப்புதல் அளித்தது திருநெல்வேலியிற் கூடிய மூதவை. ஆகவே ஒரே மாணவரின் கல்வி வரலாறு இரண்டு ஊர்களிற் பிரிந்து கிடக்கின்றது. அவருக்குப் பின் வந்தவருக்குப் பட்டம் வழங்குவது வவுனியாப் பல்கலைக்கழகமே. அவருக்கு முன் கல்லூரிக் காலத்திற் படித்தவரின் நிலை வேறொன்று. மூன்றையும் ஒரே அடுக்கிற் கலந்துவிட்டால், எந்தச் சான்றிதழுக்கு எந்த நிறுவனம் பொறுப்பாளி என்பதை இருபது ஆண்டு கழித்து எவராலும் கூற இயலாது. பெயர் மாறிய நாள், முத்திரை மாறிய நாள், அதிகாரம் கைமாறிய நாள் ஆகியவற்றைக் குறித்து வைக்கும் ஒரு சிறு ஏடு, ஆயிரம் கோவைகளுக்குத் திறவுகோலாகும். தொழில் தேடி வெளிநாடு செல்லும் பட்டதாரி ஒருவருக்கு, அங்குள்ள அலுவலர் 'இப்பெயரில் ஒரு நிறுவனம் இப்பொழுது இல்லையே' என்று ஐயுறும்பொழுது, அவ்வேடே விடையளிக்கும்.

வன்னியின் பழைய வரலாறும் இவ்வுண்மையையே புகட்டுகின்றது. 1803ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவுக்கு அண்மையில் கப்டன் வொன் டிறிபேக் அவனை முறியடித்தான். இந்நாட்களை எவ்வாறு அறிகின்றோம்? வென்றவர்கள் எழுதிய அறிக்கைகளாலும், அவர்கள் தரப்பினர் பின்னர் நாட்டிய கல்லினாலும் அன்றோ! வன்னியனின் அவையில் எவர் என்ன கூறினர், போருக்குமுன் எவ்வூரார் எவ்வளவு நெல் தந்தனர் என்பவற்றைக் கூறும் ஏடு கிடைத்திலது. கடதாசியைக் காத்தவன் தரப்புக் கதையே எஞ்சி நிற்கின்றது.

ஜே. பி. லூயிஸ் என்னும் சிவில் சேவையாளர் 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலை அறியாத வன்னி ஆய்வாளர் இலர். குளங்கள், ஊர்கள், குடிகள், வழக்கங்கள் என அவர் திரட்டியவற்றுக்கு ஆதாரமாயிருந்தவற்றுட் பெரும்பகுதி கச்சேரிக் கடதாசிகளே. அக்காலத்து அரசாங்க அதிபர்களும் உதவி அரசாங்க அதிபர்களும் நாட்குறிப்பு எழுதுதல் கடமையாயிருந்தது. எந்தக் குளக்கட்டு உடைந்தது, எவ்வூரிற் காய்ச்சல் பரவியது, எவ்விருவர் வரம்புக்காக வழக்காடினர் என்று அன்றன்று எழுதினர். எழுதினவர்களுக்கு அது சலிப்பூட்டும் கடமையாகவே இருந்திருக்கும். அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ப் 1908 முதல் 1911 வரை எழுதிய அத்தகைய நாட்குறிப்புகள் அரை நூற்றாண்டின் பின் நூலாக வெளிவந்து, உலகெங்கும் படிக்கப்பட்டன. இன்று பல்கலைக்கழக விடுதி மேற்பார்வையாளர் எழுதும் நாட்பதிவை எவரும் பொருட்படுத்துவதில்லை. போர்க்காலத்து மாணவர் எதனை உண்டனர், எத்தனை நாள் விளக்கின்றிப் படித்தனர் என்பதை அறிய விரும்பும் நாளைய ஆராய்ச்சியாளர் அதனைத் தேடியே வருவார்.

கச்சேரிக் காலத்துச் சுவடிகளும் ஒல்லாந்தர் காலத்துச் சுவடிகளும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்திலே பேணப்படுகின்றன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சுவடிகள் 2003ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. இலங்கையிலுள்ளனவும் அவற்றுள் அடங்கும். பெருமைக்குரிய செய்தியே. எனினும் தன் ஊர்க்குளத்தின் வரலாற்றைத் தேடும் ஒட்டுசுட்டான் மாணவர் ஒருவர் அதற்காகக் கொழும்புக்குப் பயணமாகவேண்டியிருக்கின்றது. அச்சுவடிகளுள் வன்னி பற்றியவற்றின் பட்டியலையும் படப்பிரதிகளையும் பெற்று வைத்தல், வன்னியிலுள்ள பல்கலைக்கழகச் சுவடிக்கூடத்துக்குத் தகுந்த பணியாகும்.

கடதாசியின் அருமையை வன்னி மக்களுக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. 2009ஆம் ஆண்டிலே போரின் இறுதி மாதங்களில் இடம்பெயர்ந்து, செட்டிகுளத்து முகாம்களை அடைந்தோர் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். அடுப்பையும் ஆட்டையும் விட்டு வந்தவர்கள்கூடப் பொலித்தீன் பை ஒன்றைக் கைவிட மறுத்தனர். அதனுள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு என்பன இருந்தன. அப்பையையும் இழந்தவர் பலர். பிறப்பை மீண்டும் மெய்ப்பிக்க இயன்றது எவ்வாறு? பிறப்புப் பதிவின் இரண்டாம் படி வேறோரிடத்தில் இருந்தமையாலேயே. க.பொ.த. பெறுபேறுகளும் கொழும்பிற் பரீட்சைத் திணைக்களத்தில் இருந்தன. பல்கலைக்கழகப் பெறுபேற்றுக்கோ அத்தகைய நடுநிலையம் இல்லை. அதனைத் தந்த பல்கலைக்கழகம் ஒன்றே சாட்சி. அச்சாட்சியும் ஓடி ஒளியவேண்டிய காலம் இருந்தது என்பதையும் நினைத்தல் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990ஆம் ஆண்டில் கிளிநொச்சியிலே தொடங்கிப் போரினால் யாழ்ப்பாணத்துக்குப் பெயர்ந்து, போர் ஓய்ந்தபின் மீண்டும் கிளிநொச்சி அறிவியல் நகரை அடைந்தது. ஒரு பீடம் பெயரும்பொழுது நுணுக்குக்காட்டியை மறவாது ஏற்றுவர். பழைய வருகைப் பதிவேட்டை ஏற்ற வண்டியில் இடம் இருக்குமா?

ஆகையால் இரண்டாம் படி என்பதே வன்னிச் சுவடிக்காப்பின் முதல் விதியாதல் வேண்டும். புள்ளிப் பட்டியல் ஒவ்வொன்றுக்கும் நல்ல கடதாசியில் ஒரு படியும், கணினிப் படிவத்தில் ஒரு படியும் எடுத்து, ஒன்றையாவது வேறு மாவட்டத்தில் வைத்தல் நன்று.

கடதாசிக்குப் பகை மனிதன் மட்டுமல்லன். வன்னியின் கோடை வெப்பம் கடதாசியை உலர்த்தி நொறுங்கச் செய்யும். மாரியின் ஈரம் பூஞ்சணத்தை வளர்க்கும். கறையான் ஓரிரவிலே ஓர் அடுக்கைத் தின்றுவிடும். இராமபாணப் பூச்சி அவசரப்படாது, ஆண்டுக்கணக்கில் உண்ணும். குண்டூசியும் கம்பிப் பிணிப்பும் துருவேறித் தாளை அரிக்குமாதலால், அவற்றைக் கழற்றிப் பருத்தி நாடாவாற் கட்டுதல் வேண்டும். கிழிந்த தாளை ஒட்டும் பசைநாடா உடனே உதவிபுரிவதுபோலத் தோன்றினும், சில ஆண்டுகளில் மஞ்சட் கறையாகித் தாளையே கெடுக்கும். இவற்றினும் வஞ்சகமானது தொண்ணூறுகளில் வழங்கிய தொலைநகற் கடதாசி. வெப்பத்தால் எழுத்துப் பதியும் அத்தாளில் எழுத்து மெல்ல மெல்ல மறைந்து, ஈற்றில் வெள்ளைத் தாளே எஞ்சும். அக்காலத்து முக்கியமான கட்டளைகள் இவ்வாறு வந்திருப்பின், இன்றே நிழற்பிரதி எடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

காப்பதினும் கடினமானது கழிப்பது. எல்லாவற்றையும் வைத்திருக்கும் இடம் எங்கும் இல்லை. ஒரே சுற்றறிக்கையின் நாற்பது றோணியோப் படிகளுள் ஒன்று போதும். மின்கட்டணப் பற்றுச்சீட்டுகள் கணக்காய்வு முடிந்தபின் போகலாம். மூதவைக் குறிப்புகள் என்றும் நிலைபெற வேண்டியவை. இவற்றுக்கிடையிலேதான் தொல்லை. மாணவர் ஒட்டிய துண்டுப் பிரசுரம் நிருவாகத்துக்குக் குப்பை; வரலாற்றுக்கு அஃது அரும்பொருள். நிருவாகத்தை ஏசும் பிரசுரமாயின், அதனை வைத்திருக்கும் நேர்மையும் சுவடிக்காப்பாளருக்கு வேண்டும். 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம், அரசாங்கச் சுவடிகளை அலுவலர் தம் எண்ணப்படி அழித்தலைத் தடுக்கின்றது. பல்கலைக்கழகமும் எதனை எத்தனை ஆண்டு வைப்பது என்ற அட்டவணையை முன்னரே வகுத்து, கழித்தவற்றுக்கும் ஒரு பட்டியல் எழுதிக் கையொப்பமிட்டு வைத்தல் முறை. இல்லையேல், வேண்டுமென்றே மறைத்ததும் தற்செயலாக அழிந்ததும் ஒன்றாகிவிடும்.

'எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டால் ஆயிற்று' என்று கூறுவாரும் உளர். 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்னூலகமாகத் திரட்டிவரும் நூலகம் என்னும் முயற்சி எத்துணைப் பயன் விளைத்துள்ளது என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் படம்பிடித்தல் பணியின் பாதிதான். யாருடைய கோவை, எந்த ஆண்டு, எதனைப் பற்றியது என்ற விவரணம் இன்றேல் பத்தாயிரம் படங்களும் ஒரே குவியலே. கணினிப் படிவமும் மூப்படைவது. தொண்ணூறுகளின் நெகிழ்தட்டை வாசிக்கும் பொறி இன்று எத்தனை அலுவலகங்களில் இருக்கின்றது? ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புதிய படிவத்துக்கு மாற்றும் செலவைப் பாதீட்டிலே காட்டவேண்டும். மாணவரின் புள்ளியும் நோயும் ஒழுக்காற்று விசாரணையும் கண்டோர் காணும் பொருள்களல்ல என்பதனால், எதனைத் திறப்பது, எதனை எத்தனை காலம் மூடுவது என்பதும் முன்னரே தீர்மானிக்கப்படல் வேண்டும்.

வவுனியாவுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. பழைய பல்கலைக்கழகங்களுக்கு அஃது இல்லை. 1991ஆம் ஆண்டிற் பதிவேட்டைத் திறந்த இலிகிதர்களிலும் விரிவுரையாளர்களிலும் பலரை இன்றும் தேடிக் காண இயலும். ஒரு கோவையிலுள்ள சுருக்கொப்பம் யாருடையது, ஒரு புகைப்படத்தில் இடப்புறம் நிற்பவர் யார், ஒரு தவணைப் பரீட்சை ஏன் பிற்போடப்பட்டது என்பன அவர்களின் நினைவில் மட்டும் இருப்பவை. ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் பழைய கோவைகள் சிலவும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீடுகளுக்குச் செல்லுதல் பெருஞ்செலவுள்ள காரியமன்று. அதனோடு இன்னொரு வேலையும் காத்திருக்கின்றது. 2018ஆம் ஆண்டு டிசம்பரில் இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை மக்கள் மறந்திலர். வன்னியில் மாரி ஒக்டோபரில் தொடங்கும். அதற்குமுன் நிலத்திலுள்ள பெட்டிகளை முழ உயரத் தட்டுகளில் ஏற்றிவிடல் வேண்டும்.