பாடசாலை திறக்கிறது: பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவோம்

(2021 ஒக்டோபரில் தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மாதம் 21ஆம் திகதி, 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவு திறக்கப்படுகிறது. நமது தோட்டப் பாடசாலைகள் பலவும் அதற்குள் வருகின்றன. மற்ற வகுப்புகளும் படிப்படியாகத் திறக்கும். கேட் திறந்தால் பிள்ளை தானாகப் போய்விடும் என்று நாம் இருந்துவிடக் கூடாது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். இந்த வருடம் முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளை பெப்ரவரியில் உள்ளே போனது. ஏப்ரல் முடிவில் வீட்டுக்கு வந்துவிட்டது. போன வருடம் சேர்ந்த பிள்ளைக்கும் இரண்டு மாதத்தில் பாடசாலை மூடிவிட்டது. இரண்டாம் தரத்துப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்றால் அது பிள்ளையின் குற்றமல்ல.

வீட்டிலிருந்து படிக்கச் சொன்னார்கள். லயத்து வீட்டில் ஒரு போன். அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். மூன்று பிள்ளைகள் அதை எப்படிப் பங்குபோடுவது? சிக்னல் தேடி மலை உச்சிக்கும் ரோட்டு முனைக்கும் பிள்ளைகள் நடந்தார்கள். டேட்டா போடக் காசில்லாத வீடுகளில் வாட்ஸ்அப்பில் வந்த பாடம் திறக்கப்படவே இல்லை. ஜூலை முதல் ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டுக்காக இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினார்கள். அது அவர்களின் உரிமைப் போராட்டம். தொழிற்சங்கக்காரர்களான நமக்கு அது விளங்கும். அவர்களோடு நமக்குக் கோபம் இல்லை.

இனி நாம் செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

முதலாவது, தூக்கம். ராத்திரி நெடுநேரம் போனோடு இருந்து பழகிய பிள்ளையைத் திடீரென்று விடியற்காலையில் எழுப்பினால் அழும், அடம்பிடிக்கும். இன்றிலிருந்தே நேரத்தோடு படுக்க வையுங்கள்.

இரண்டாவது, வாசிப்பு. எழுத வாசிக்கத் தெரியாத தாயும் இதைச் செய்யலாம். பழைய பாடப்புத்தகத்தை எடுத்து, “ஒரு பக்கம் வாசித்துக் காட்டு” என்று பக்கத்தில் உட்காருங்கள். லயத்தில் மூத்த பிள்ளைகள் இருந்தால் மாலையில் சின்னவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுக்கட்டும்.

மூன்றாவது, பயம். வகுப்பில் கேட்டால் பதில் தெரியாதே என்று பல பிள்ளைகள் உள்ளுக்குள் பயந்திருக்கிறார்கள். “வயிறு வலிக்கிறது” என்று சொல்லும் பிள்ளையை அடிக்காமல், என்ன பயம் என்று கேளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். விடுபட்ட பாடத்தைப் பற்றி ஆசிரியரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

நான்காவது, உடுப்பு. சட்டை சின்னதாகியிருக்கும், சப்பாத்து கடித்திருக்கும். அதற்காக ஒரு நாள்கூடப் பிள்ளையை மறிக்க வேண்டாம். அதிபரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். நம் பிள்ளைக்குச் சிறுத்த சட்டை பக்கத்து லயத்துப் பிள்ளைக்குப் பொருந்தும். கமிட்டி அதைக் கேட்டு வாங்கிக் கொடுக்கலாம். துணி முகக்கவசம் இரண்டு இருந்தால், ஒன்றைத் துவைத்து ஒன்றைப் போடலாம்.

இன்னொன்று கமிட்டிகளின் வேலை. தாய் விடிய முன்னே எழுந்து சமைத்து, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, பிரட்டுக்கு ஓட வேண்டும். பாடசாலைப் பிள்ளையை யார் அனுப்புவது? முதல் இரண்டு வாரத்துக்காவது பிந்தி வரும் தாய்மாரைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று தோட்ட நிர்வாகத்திடம் கமிட்டியாகப் போய்க் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் ஏச்சுத்தான் கிடைக்கும்.

கடைசியாக, நம்மை அதிகம் கவலைப்படுத்தும் விடயம். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் சிலர் கொழும்புக் கடைகளுக்கும் வீட்டு வேலைக்கும் போய்விட்டார்கள். வீட்டின் கஷ்டம் நமக்குத் தெரியும். நாட்சம்பளம் 1000 ரூபா என்று வந்த பிறகு பல தோட்டங்களில் வேலை நாளைக் குறைத்தார்கள், கொழுந்துக் கிலோவை ஏற்றினார்கள். அந்தச் சண்டையை நாம் போடுவோம். அதைப் பிள்ளையின் தலையில் வைக்க வேண்டாம். 16 வயது வரை பிள்ளை படிக்க வேண்டும் என்பது சட்டம். வேலைக்குச் சேர்க்கும் குறைந்த வயதும் இந்த வருடம் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. ஆகவே ஒவ்வொரு தலைவரும் தன் லயத்தில் பாடசாலை வயதுப் பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். திறந்த முதல் வாரத்தில் யார் போகவில்லை என்று பாருங்கள். அந்த வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். தரகர் வந்து பேசுவதற்கு முன் நாம் பேச வேண்டும்.

இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது 1945இல். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். அவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்த வகுப்பறையில் ஒரு பிள்ளையின் இடமும் வெறுமையாக இருக்கக் கூடாது. பெயர்ப் பட்டியலோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.