இருமும்போது கசியும் சலம்

இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால், நெல்மூட்டையில் ஒரு கை வைத்தால் தம்மை அறியாமல் சலம் கசிந்துவிடும் தொல்லை, பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கு உண்டு. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையென்றாலும் படுவான்கரையென்றாலும், அதை மகள் தாயிடம்கூடச் சொல்வது அரிது. “நாலு பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று கதையை முடித்துவிடுகிறோம். அப்படி முடித்துவிடக் கூடாது என்பதற்காகவே இன்று பேசுகிறேன். இந்தக் கசிவு பெரும்பாலும் பலம் குறைந்த தசையால் வருவது; தசையைப் பழக்கிப் பலப்படுத்தலாம். அதைக் கற்றுக்கொடுக்கப் புதிய வைத்தியசாலை எதுவும் கட்ட வேண்டியதில்லை. மருத்துவ மாது ஏற்கெனவே நம் வீட்டுப் படியேறி வருகிறார்.

இடுப்பின் முன் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை ஏணை கட்டியதுபோல ஒரு தசைத்தொகுதி இருக்கிறது. சலப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது அதுதான். கர்ப்பகாலப் பாரத்தில் அது தொய்கிறது. பிரசவத்தின்போது மிக அதிகமாக இழுபடுகிறது. இந்தத் தசைகளைச் சுருக்கித் தளர்த்தும் பயிற்சியை 1948 இல் அமெரிக்கப் பெண்ணோயியல் வைத்தியர் ஆர்னல்ட் கீகல் விளக்கி எழுதினார். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2018 இல் கொக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பீடு, இருமும்போதும் தும்மும்போதும் கசிகின்ற பெண்களைப் பற்றி ஒரு கணக்குத் தருகிறது. பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 56 பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 பேரே அப்படிச் சொன்னார்கள். மாத்திரையும் கத்தியும் இல்லாமல் கிடைத்த பலன் இது. அதே அமைப்பின் 2020 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, கசிவு இல்லாத கர்ப்பிணிகள் முன்கூட்டியே பயிற்சியைத் தொடங்கினால், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கசிவு வரும் வாய்ப்பு 62 வீதம் குறைகிறது.

சிசேரியன் செய்தால் இந்தக் கவலையே இல்லை என்பார்கள் சிலர். 2003 இல் வெளிவந்த நோர்வே ஆய்வு அதை முழுதாக ஏற்கவில்லை. பிள்ளை பெறாத பெண்களில் நூற்றுக்கு 10 பேருக்கும், சிசேரியன் ஆனவர்களில் 16 பேருக்கும், இயல்பாகப் பெற்றவர்களில் 21 பேருக்கும் கசிவு இருந்தது. கத்தி ஓரளவு காக்கிறது, முற்றாகக் காக்கவில்லை. வயலிலும் வளவிலும் ஓயாது உழைப்பவளுக்குத் தனியாக என்ன பயிற்சி என்ற கேள்வி இன்னும் வலுவானது. ஆனால் தண்ணீர்க்குடமும் விறகுக்கட்டும் தூக்கும்போது வயிற்றின் அழுத்தம் கீழ்நோக்கி அந்தத் தசையின் மேலேயே இறங்குகிறது. அது பலம் பெறுவதற்குப் பதிலாகக் களைத்துப்போகிறது. பிரசவமான கையோடு பாரம் சுமக்கும் நேபாளப் பெண்களிடையே கர்ப்பப்பை இறக்கம் அவ்வளவு பரவலாக இருந்ததால், 2008 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அதைப் பெண்ணின் இனப்பெருக்க உரிமை சார்ந்த விடயமாகக் கொண்டு அரசுக்குக் கட்டளையிட்டது. பிள்ளை பெற்றவளை வேலைக்கு விடாமல் பத்தியம் காத்த நம் பெரியவர்களின் வழக்கத்தை இந்த இடத்தில் மதிக்கிறேன். ஆனால் அதே வழக்கத்தில் வயிற்றைச் சுற்றித் துணி கட்டுவதால் இந்த அடித்தசை பலம் பெறாது.

பயிற்சி இவ்வளவுதான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காற்றையும் சலத்தையும் ஒருசேர அடக்குவதுபோல உள்ளே சுருக்கி மேலே இழுக்க வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. சில வினாடிகள் பிடித்து, பிறகு முழுதாகத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். இருமல் வருகிறது, குடம் தூக்கப் போகிறோம் என்று தெரிந்த கணத்தில் முதலில் சுருக்கிக்கொள்ளப் பழகுங்கள். அவசரமாக முட்டி, கழிவறைக்குப் போகுமுன் கசிவது வேறு வகை. அதற்குத் தேநீரைக் குறைத்து, சலம் போகும் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சலப்பையைப் பழக்குவதும் வேண்டும். கசியும் என்று பயந்து இந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் மிகப் பெரிய பிழை. சலம் செறிவாகிச் சலப்பையை உறுத்தும். மலச்சிக்கலில் முக்குவது அந்தத் தசையை மேலும் தளர்த்தும்.

வெட்கம் ஒரு தடை என்பது உண்மைதான். ஆனால் இது உடுத்த உடையோடு, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாமல் செய்யக்கூடியது. வுழூ என்னும் சுத்தம் முறிந்துவிடுமோ என்று தொழுகைக்குத் தயங்கும் தாயும், கண்ணகி அம்மன் சடங்குக்குப் போகாமல் வீட்டில் தங்கும் தாயும் அந்த வெட்கத்துக்கு ஏற்கெனவே பெரிய விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவ மாதுக்கு வேலைப்பளு அதிகம் என்பதையும் மறுக்கவில்லை. கர்ப்பிணி கிளினிக்கில் காத்திருக்கும் பெண்களுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொடுக்கச் சில நிமிடம் போதும். பிரசவத்துக்குப் பிந்திய வீட்டுச் சந்திப்பில் ‘கசிகிறதா?’ என்று ஒரு கேள்வி கேட்கலாம். அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட தாய்மாருக்கு, 1996 இல் தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. சலத்தில் இரத்தம், எரிவு, காய்ச்சல், கீழே ஏதோ இறங்குவதுபோன்ற உணர்வு, மூன்று மாதம் பழகியும் குறையாத கசிவு ஆகியவற்றில் எது இருந்தாலும் பயிற்சியோடு நின்றுவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். சலம் போகவே முடியாமல் அடைபட்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.